சுணங்கி எழும்பிய கணினி

எங்கள் மாதர் சங்கக் கட்டிடத்தில் ஒரு சுவர் மணிக்கூடு இருக்கின்றது. அதற்கு நேர் கீழே கணினி மேசை. காலையில் வந்து கணினியின் பொத்தானை அமத்திவிட்டு அந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் சில வருடங்களாக எனது முதல் வேலை. ஒருநாள் அலுப்பில் நிமிடங்களை எண்ணிப் பார்த்தேன். பொத்தானை அமத்தியதில் இருந்து கடிதம் ஒன்றைத் திறந்து முதல் எழுத்தைத் தட்டும்வரை பதினேழு நிமிடங்கள். அதற்குள் தேத்தண்ணி வைத்துக் குடித்து, கோப்பையும் கழுவி வைத்துவிடலாம்.

நாங்கள் காத்திருக்கத் தெரியாதவர்கள் அல்லர். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்றிருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட சனங்கள். ஆகையால் பதினேழு நிமிடத்தை யாரும் ஒரு குறையாகப் பேசவில்லை. "பழைய பெட்டிதானே, அப்பிடித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டோம்.

2022 பங்குனி மாதக் கடைசியில்தான் அது பெரிய கரைச்சலாக வந்தது. அந்த நாட்களில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். எந்தப் பகுதிக்கு எப்போது கரண்ட் என்று ஆங்கில எழுத்துகளில் பிரித்து அட்டவணை போட்டார்கள். கரண்ட் வரும் நேரம் பார்த்து ஓடி வந்து கணினியைப் போட்டால், அது கண் விழிக்கவே கால் மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. நண்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வேலை இல்லை. பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் பட்டியலை உதவிக்காக அனுப்ப வேண்டியிருந்தது. பட்டியல் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான். ஒருநாள் கடைசிப் பக்கத்தை அச்செடுக்கப் போகும் நேரத்தில் கரண்ட் போனது. மின்சாரம் போனால் சிறிது நேரம் தாங்கும் யூ.பி.எஸ். பெட்டி எங்களிடம் இருந்தது உண்மை. அதன் பற்றரி செத்து இரண்டு வருடம்.

புதிதாக ஒன்று வாங்கலாமா என்று கூட்டத்தில் கதைத்தோம். அந்த மாசி மாதம் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், வைகாசிக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியது. கணினி எல்லாம் வெளிநாட்டில் இருந்து வருவது. விலை கேட்கப் போன தங்கச்சி கடை வாசலில் இருந்தே போன் எடுத்து, "அக்கா, கேக்காமலே இருந்திருக்கலாம்" என்றார்.

திருத்தக் கொடுக்கவும் பயம். 2019இல் ஒருமுறை அந்தப் பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பண்ணைப் பாலத்தால் ரவுணுக்குக் கொண்டுபோய் ஒரு கடையில் கொடுத்தோம். இரண்டு நாளில் திரும்பி வந்தது. கெதியாகத்தான் எழும்பியது. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. இரண்டு வருடக் கூட்ட அறிக்கைகள், காணாமற்போன பிள்ளைகளுக்காகத் தாய்மார் எழுதிக் கொடுத்த கடிதங்களின் பிரதிகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தந்திருந்தார்கள். பிரதி எடுத்து வைக்கும்படி கடைக்காரரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. கடிதங்களைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. ஒரு தாய், "முதல் எழுதினது போலவே எழுது பிள்ளை, திகதி மாறினால் அவங்கள் நம்ப மாட்டாங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த முறை எனக்கு உதவியது என் தம்பியின் மகள். நெடுந்தீவில் இருக்கின்றாள். சாதாரண தரத்தில் தகவல் தொழினுட்பம் ஒரு பாடமாக எடுத்தவள். நேரில் வந்து பார்க்கச் சொல்வதென்றால் குறிகாட்டுவான் வரை ஒரு மணித்தியாலப் படகு, பிறகு பஸ். எரிபொருள் இல்லாத அந்த நாட்களில் அது நடக்கிற காரியம் அல்ல. ஆகவே போனில்தான் சொல்லித் தந்தாள்.

"மாமி, அது பழசு எண்டதாலை மட்டும் சுணங்கேல்லை. எழும்பேக்கை தன்னோடை எத்தினை பேரைச் சேர்த்து எழுப்புது எண்டு பாப்பம்" என்றாள்.

அவள் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்கின்றேன். ஆனித் திருவிழாக் காலத்தில் குறிகாட்டுவான் துறையில் நின்றிருப்பீர்கள். நயினாதீவுப் படகில் ஏற ஒரே நேரத்தில் எல்லோரும் தள்ளுப்படுவார்கள். படகு ஓடப்போவது இருபது நிமிடத்துக்கும் குறைவுதான். ஏறி முடியத்தான் நேரம். கணினிக்குள்ளும் அதே தள்ளுப்பாடு. எங்கள் பெட்டியில் எல்லாவற்றையும் சேமித்து வைப்பது சுழலுகின்ற ஒரு தட்டு. அதன் மேல் ஒரு சிறு கை ஓடி ஓடிப் படிக்கின்றது. இருபது புரோகிராம்கள் ஒரே நேரத்தில் "என்னை எடு, என்னை எடு" என்றால் அந்தக் கை இங்கும் அங்குமாக அலையும். எடுத்ததை விரித்து வைக்கின்ற மேசைதான் ராம் எனப்படும் நினைவகம். விண்டோஸ் 7க்குக் குறைந்தது 1 ஜிகாபைட் வேண்டும் என்று அதைச் செய்தவர்களே சொல்லியிருந்தார்கள். எங்களிடம் இருந்தது சரியாக அந்த ஒன்றுதான். மேசை நிரம்பினால் சாமான்களைத் திரும்பத் தட்டில் கொண்டுபோய் வைத்து, தேவைப்படும்போது மறுபடி எடுத்து வரும். அதுவே தனிச் சுணக்கம்.

இவ்வளவு புரோகிராம்களை யார் ஏற்றியது என்று கேட்டேன். நாங்கள்தான் என்றாள். ஒரு அச்சுப் பொறியைப் பூட்டும்போது, ஒரு பாட்டுப் புரோகிராமை ஏற்றும்போது, "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று வாசிக்காமல் அமத்திக்கொண்டே போவோம் அல்லவா? அந்தப் பக்கங்களில் ஒரு சின்னப் பெட்டியில் சரி அடையாளம் முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள். கணினி எழும்பும்போதெல்லாம் நானும் எழும்புவேன் என்பதற்கு நாங்கள் கொடுத்த சம்மதம் அது. எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. வாசித்துப் பார்க்காமல் எதிலும் கையொப்பம் வைக்க வேண்டாம் என்று கடன் எடுக்க வரும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் சொல்பவள் நான்.

செய்த விதத்தைச் சொல்கின்றேன். விண்டோஸ் 7 உள்ளவர்கள் இப்படியே செய்யலாம். கீழே இடது பக்க மூலையில் உள்ள வட்டப் பொத்தானை அமத்தினால், தேடுவதற்கான ஒரு வெள்ளைக் கோடு வரும். அதில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு ஆங்கில எழுத்துகளை இடைவெளி விடாமல் தட்டி என்ரர் கொடுக்க வேண்டும். ஒரு சிறு பெட்டி திறக்கும். மேலே ஐந்து தலைப்புகள் இருக்கும். நான்காவது தலைப்பு ஸ்டார்ட்டப். அதைத் தவிர வேறு எதையும், முக்கியமாக பூட் என்ற தலைப்பை, தொட வேண்டாம் என்று அவள் மூன்று தரம் சொன்னாள்.

ஸ்டார்ட்டப்பைத் திறந்தால் ஒரு நீளமான பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சரி அடையாளம். எங்கள் பட்டியலில் 23 பெயர்கள் இருந்தன. நான் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, அவள் அங்கே இருந்து அது என்ன என்று சொல்லிக்கொண்டு வந்தாள். தெரியாததைத் தனது போனில் தட்டித் தேடினாள். பழைய அச்சுப் பொறியில் மை எவ்வளவு என்று பார்க்கின்ற புரோகிராம் ஒன்று. அந்த அச்சுப் பொறியை இரும்புக்காரனுக்கு விற்று எத்தனையோ காலம். தொலைபேசி ஒன்றை இணைக்கும் புரோகிராம் ஒன்று. அந்தத் தொலைபேசி யாருடையது என்றே எங்களுக்கு ஞாபகம் இல்லை. பாட்டுப் புரோகிராம்கள் இரண்டு. "புதிய பதிப்பு வந்திருக்கின்றதா" என்று பார்ப்பதற்காகவே விடிய வெள்ளன எழும்பிக் குந்தியிருக்கின்ற சின்னச் சின்னப் புரோகிராம்கள் ஐந்து.

"மாமி, அழிக்காதேங்கோ. சரி அடையாளத்தை மட்டும் எடுங்கோ. தேவையெண்டால் திரும்பப் போடலாம்."

இந்த ஒரு சொல்லுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகின்றேன் என்றும் சொல்லலாம். சரி அடையாளத்தை எடுத்தால் புரோகிராம் எங்கும் போகாது. நாங்கள் கூப்பிடும்போது வரும். கூப்பிடாமல் எழும்பாது, அவ்வளவுதான். 2019இல் கடையில் நடந்தது போல ஒன்றும் துடைபடாது. வாக்குச் சீட்டில் புள்ளடி போட்டுப் பழகிய எங்களுக்கு அடையாளத்தை எடுப்பதால் ஒரு காரியம் நடப்பது புதுமையாகத்தான் இருந்தது. எடுத்த பின்னர் அப்ளை, பிறகு ஓகே. மறுபடி தொடக்கவா என்று கணினி கேட்கும். ஓம் என்று விடலாம். இன்னுமொரு நல்ல விடயம், எந்தப் புரோகிராமை எந்தத் திகதியில் நிறுத்தினோம் என்பதை அந்தப் பட்டியலின் கடைசி நிரலில் கணினியே எழுதி வைக்கின்றது. ஆனாலும் நான் சங்கக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். கொப்பிக்குக் கரண்ட் தேவையில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று மட்டும் எடுங்கள் என்றுதான் அவள் சொன்னாள். முதல் நாள் மூன்று எடுத்தேன். அடுத்த நாள் மணிக்கூட்டில் பதினாலு நிமிடம். எனக்கு ஆசை பிடித்துவிட்டது. அவளைக் கேட்காமல் ஒரேயடியாக எட்டு அடையாளங்களை எடுத்துவிட்டேன்.

மறுநாள் ஒரு தாயின் கடிதத்தைத் தட்ட உட்கார்ந்தால் தமிழ் வரவில்லை. "அ" தட்டினால் ஆங்கில எழுத்து. அவர் பக்கத்துக் கதிரையில் இருக்கின்றார், என் முகத்தைப் பார்க்கின்றார். திரும்பவும் எல்லாம் போய்விட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நடந்தது இதுதான். பாமினி எழுத்துருவில் தட்டுகின்றவர்களுக்கு எழுத்துரு மட்டும் இருந்தால் போதும். மின்னஞ்சலில் அனுப்பும் கடிதங்களை நாங்கள் யூனிகோட்டில் தட்டுவோம். அதற்கு ஈ-கலப்பை என்ற சிறு செயலி பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியிருந்த அந்தப் பெயரை அடையாளம் காணாமல் அதன் சரியையும் எடுத்துவிட்டேன். கொப்பியைப் பார்த்து அந்த ஒன்றுக்குத் திரும்பச் சரி போட்டு, கணினியை மறுபடி தொடக்கினேன். தமிழ் வந்தது. கடிதமும் அன்றே முடிந்தது. பழைய எக்ஸ்.பி. வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: அதில் சி.ரி.எஃப்.மொன் என்று ஒன்று பட்டியலில் இருக்கும். மொழி மாற்றித் தட்டுவதோடு சம்பந்தப்பட்டது. தமிழில் வேலை செய்கின்ற நாங்கள் அதை விட்டுவிட வேண்டும்.

வைரஸ் காவலையும் நிறுத்தக் கூடாது. ஆனால் எங்கள் பெட்டியில் இரண்டு காவல் புரோகிராம்கள் இருந்தன, ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுக்கொண்டு. ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். மற்றதைக் கொன்ட்ரோல் பனலுக்குப் போய் முறைப்படி நீக்கினோம். சரி அடையாளம் எடுப்பதால் மட்டும் அது போகாது.

பட்டியலில் ஒன்று மட்டும் பெயரே இல்லாதது போல, வாயில் நுழையாத எழுத்துகளோடு இருந்தது. செய்தவர் யார் என்ற இடத்தில் தெரியாது என்று போட்டிருந்தது. எங்கே இருந்து வருகின்றது என்று காட்டும் நிரலைப் பார்த்தால், தற்காலிகக் கோப்புகளைப் போடுகின்ற மூலை. அது வைரஸ். பென் டிரைவில் வந்திருக்க வேண்டும். செருகியவுடன் தானாக ஓடத் தொடங்கும் வைரஸ்கள் ஒரு காலம் எங்கும் பரவியிருந்தன. 2011 மாசியில் மைக்ரோசொஃப்ட் ஒரு திருத்தம் அனுப்பி, பென் டிரைவ்கள் அப்படித் தானாக ஓடுவதை நிறுத்தியது. இணையமே இல்லாத எங்கள் தீவுக் கணினிகள் பலவற்றுக்கு அந்தத் திருத்தம் வந்து சேர்ந்திருக்காது. இப்படியான ஒன்றுக்குச் சரியை எடுப்பது போதாது, காவல் புரோகிராமால் முழுக்கத் தேடித் துடைக்க வேண்டும். நாங்கள் அதற்கு ஒரு முழு கரண்ட் நேரத்தைக் கொடுத்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டு அடையாளங்களை எடுத்த அந்த நாளுக்கு அடுத்த நாள், எங்கள் இப்போதைய பொருளாளர் வந்து கணினியைப் போட்டவர், "அக்காவின்ரை மஞ்சள் கடதாசியைக் காணேல்லை" என்றார். நான் கவனிக்கவில்லை. கணினி எழும்பியதும் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் நிறக் குறிப்பு வரும், கடதாசித் துண்டு ஒட்டியது போல. முந்திய பொருளாளர் அக்கா 2019 மாரியில் தட்டி வைத்தது. தானே தட்டெழுத்துப் பழகி, இரண்டு விரலால் தட்டியது. "மாரிக் கடல். நண்டு வேலைக்குப் போற பிள்ளைகளிட்டைத் தவணைக் காசுக்கு நெருக்க வேண்டாம். தை பிறக்கட்டும்" என்று எழுதியிருந்தார். அடுத்த வருடம் அவர் நோயில் காலமாகிவிட்டார். அந்தத் தை மட்டுமல்ல, இரண்டு தை கடந்தும் யாரும் அதை மூடவில்லை. கணினி தினமும் எழும்பும்போது அதுவும் எழும்பியது.

மருமகளுக்குப் போன் எடுத்தேன். "அது அழிஞ்சிருக்காது மாமி. ஸ்டிக்கி நோட் எண்டு ஒண்டு இருக்கும், அதுக்குத் திரும்பச் சரி போடுங்கோ" என்றாள். கொப்பியில் அந்தப் பெயர் இருந்தது. போட்டோம். மறுபடி தொடக்கியதும் அந்த மூலையில் அப்படியே வந்தது. அது எத்தனை விநாடி எடுக்கின்றது என்று நான் எண்ணவில்லை.

கடைசியில் 23 பேரில் ஐந்து பேர்தான் மிஞ்சினார்கள். வைரஸ் காவல், ஈ-கலப்பை, ஒலிக்கான ஒன்று, புதிய அச்சுப் பொறிக்கான ஒன்று, அக்காவின் மஞ்சள் கடதாசி. பதினேழு நிமிடம் ஆறாகக் குறைந்தது. ஆறும் குறைவான நேரம் அல்ல, அதை ஒளிக்கத் தேவையில்லை. அந்தத் தட்டும் அந்த நினைவகமும் மாறாதவரை அதற்குக் கீழே போகாது. பிறகு பெட்டியின் மூடியைக் கழற்றி, உப்புக் காற்றில் பிசின் போல ஒட்டியிருந்த தூசியைப் பழைய பெயின்ற் பிரஷ்ஷால் தட்டினோம். இரைச்சல் குறைந்தது. அந்தக் கிழமையே பட்டியலை அச்செடுத்து அனுப்பினோம், கரண்ட் போவதற்கு முன்னர்.

அதற்குப் பிறகு மற்றச் சங்கங்களில் இருந்தும் என்னைக் கேட்கத் தொடங்கினார்கள். விண்டோஸ் 10 உள்ளவற்றில் வழி சற்று வேறு. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அமத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். சிறிய பெட்டியாகத் திறந்தால், அடியில் மோர் டீற்றெய்ல்ஸ் என்று இருப்பதைத் தட்ட வேண்டும். ஸ்டார்ட்டப் என்ற தலைப்பில் அதே பட்டியல். இங்கே ஒரு வசதி, ஒவ்வொன்றும் எவ்வளவு சுணக்கம் தருகின்றது என்பதையும் ஹை, மீடியம், லோ என்று எழுதியிருக்கும். ஹை என்று உள்ளவற்றை முதலில் பாருங்கள். பெயரின் மேல் வலது பக்கம் தட்டி டிசேபிள் கொடுத்தால் சரி. திரும்ப வேண்டுமானால் அதே இடத்தில் எனேபிள்.

சென்ற முறை பார்த்த ஒன்றில் ஸ்கைப் தினமும் எழும்பிக்கொண்டு இருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகத்தை முதன்முதலில் அதில்தான் பலர் பார்த்தோம். அந்தச் சேவை 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. கதைக்க ஆள் இல்லாத நம்பருக்கு விடியவிடியக் கோல் எடுத்துக்கொண்டு இருந்தது போல, பாவம். அதை நிறுத்தினோம்.

பழைய கணினி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு எச்சரிக்கை. எக்ஸ்.பி.க்கு 2014 சித்திரையோடும், விண்டோஸ் 7க்கு 2020 தை மாதத்தோடும், விண்டோஸ் 10க்கு 2025 ஐப்பசியோடும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. கெதியாக எழும்புகின்றது என்பதற்காக அவற்றில் வங்கிக் கணக்கைத் திறப்பதோ, கடவுச் சொற்களைச் சேமித்து வைப்பதோ வேண்டாம். கடிதமும் கணக்கும் தட்ட அவை போதும். எந்த வேலை தொடங்குவதற்கு முன்னரும் கோப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து லாச்சியில் வையுங்கள். நாங்கள் இப்போது இரண்டு வைத்திருக்கின்றோம், ஒன்று சங்கத்தில், ஒன்று என் வீட்டில்.

இதை எழுதும்போது எழுவைதீவில் இருந்து ஒரு மடிக்கணினி வந்து மேசையில் இருக்கின்றது. ஒரு பிள்ளை அதை அரிசிப் பையில் சுற்றிப் படகில் கொண்டு வந்து தந்துவிட்டுப் போனாள். உயர்தரம் எடுக்கின்ற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும் என்கிறாள். திறந்து எண்ணினேன். 31 பெயர்கள். கொப்பியில் புதிய பக்கம் ஒன்றைக் கோடு போட்டு வைத்திருக்கின்றேன்.